சலேத் மேரி யாரிடம் வேலை செய்தார்

இடுப்பு ஆபரேஷன் எப்படி இருந்தது என்று எங்கள் ஓய்வூதியர் சங்கத்தில் பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். கேட்கிறவர்கள் எழுபதைத் தாண்டியவர்கள். அக்கறை என் இடுப்பின் மீது அல்ல, அவரவர் இடுப்பின் மீது. ஆகவே ஒரேயடியாக எழுதிவிடுகிறேன். ஆனால் இதில் பாதிதான் இடுப்பைப் பற்றியது. மீதிப் பாதியை இதுவரை யாரும் கேட்கவில்லை.

நான் தொழிலாளர் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஒரு கம்பெனி ஒருவரைத் தன் தொழிலாளி இல்லை என்று சாதித்தால், அவர் அந்தக் கம்பெனியின் தொழிலாளிதான் என்று நிரூபிப்பது எப்படி என்பதைப் புதிதாக வரும் அதிகாரிகளுக்குச் சொல்லிக் கொடுத்தவன். வேலை நேரத்தை யார் சொல்கிறார்? வேலையை யார் மேற்பார்வையிடுகிறார்? வராவிட்டால் யார் கேட்கிறார்? இந்தக் கேள்விகளுக்கு விடையாக யார் பெயர் வருகிறதோ அவர்தான் முதலாளி. திருபுவனை தொழிற்பேட்டையில் சில முதலாளிகளுக்கு என் பெயரைக் கேட்டாலே நெஞ்செரிச்சல் வரும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

பாகூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மழைக்குப் பிறகு வீட்டின் பின்பக்கம் பாசி பிடித்திருந்தது. மோட்டார் போடப் போனவன் வழுக்கி இடது பக்கமாக விழுந்தேன். எழ முடியவில்லை. இடது பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பி, வேறு யாருடைய காலோ போலக் கிடந்தது. என் மனைவி சரோஜா வந்து பார்த்து, "இன்னாங்க, காலை ஏன் இப்டி வெச்சிருக்கீங்க?" என்றாள். நான் வைக்கவில்லை, அதுவாகத்தான் இப்படி இருக்கிறது என்று விளக்கினேன்.

தவளக்குப்பம் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனை. எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு வந்த எலும்பு மருத்துவருக்கு என் மகன் வயதுகூட இருக்காது. என்னை "அங்கிள்" என்றார். உத்தியோகம் முழுக்க "சார்" ஆக இருந்தவனுக்கு இதுதான் நோயின் முதல் அறிகுறி.

அவர் சொன்னதை எளிமையாகச் சொல்கிறேன். தொடை எலும்பின் மேல்முனை ஒரு பந்து. அது இடுப்புக் குழிக்குள் உட்கார்ந்து சுழல்கிறது. பந்துக்குக் கீழே மெலிந்த ஒரு கழுத்து. எனக்கு முறிந்தது அந்தக் கழுத்து. அது முறிந்தால் பந்துக்குப் போகும் ரத்தம் நின்றுபோகும். வயதானவர்களுக்கு எலும்பு சேரும் என்று காத்திருந்து பயனில்லை. பழைய பந்தை எடுத்துவிட்டு உலோகப் பந்து வைக்க வேண்டும். ஆனால் இதயத்துக்காக நான் தினமும் சாப்பிட்ட மாத்திரை ரத்தத்தை உறையவிடாது. அதன் வீரியம் குறையச் சில நாட்கள் பொறுக்க வேண்டும். அதுவரை காலில் ஒரு பட்டையைக் கட்டி, கட்டில் நுனியில் எடையைத் தொங்கவிட்டார்கள். முறிந்த முனைகள் உரசாமல் இருக்க அது. அப்படியும் உரசின.

அந்த நாட்களில் எக்கோ, ரத்தம், நெஞ்சு எக்ஸ்ரே என்று ஒவ்வொன்றுக்கும் என்னைக் கட்டிலோடு உருட்டிக்கொண்டு போனார்கள். படுத்துக்கொண்டு போகும்போது ஒரு கட்டடத்தில் தெரிவதெல்லாம் டியூப் லைட்டும் மூக்குத் துவாரங்களும்தான். கவுண்டரில் முன்பணம் கட்டிய பிறகுதான் ஒவ்வொரு கதவும் திறந்தது. சரோஜா முட்டி வலியோடு கவுண்டருக்கும் வார்டுக்கும் நடந்தாள். மாலையில் ஸ்டூலில் உட்கார்ந்து செய்தித்தாளை எனக்குப் படித்துக் காட்டுவாள். மரண அறிவிப்புகளை மட்டும் தாண்டிவிடுவாள். நான் கேட்பது அந்தப் பக்கத்தைத்தான் என்று அவளுக்குத் தெரியும்.

அவளால் என்னைத் தூக்க முடியாது. ஹைதராபாத்தில் இருக்கும் மகன் குமரன், போனிலேயே ஒரு ஏஜென்சியைப் பிடித்து ஆள் ஏற்பாடு செய்தான். மறுநாள் காலை சலேத் மேரி வந்து சேர்ந்தார்.

நாற்பது வயதிருக்கும். வில்லியனூர் பக்கத்தில் மாதா கோயில் உள்ள ஓர் ஊர். ஏஜென்சியின் அரக்கு நிறக் கோட்டு. வந்ததும் கட்டில் எண் தெரிகிற மாதிரி நின்று போனில் தன்னைப் படம் எடுத்து ஏஜென்சிக்கு அனுப்பினார். அப்புறம்தான் என்னைத் திரும்பிப் பார்த்தார். பெட்பேன் வைப்பதில் இரண்டு வகை உண்டு என்று அன்று தெரிந்துகொண்டேன். ஒன்று நோயாளியைக் கூச வைக்கும். மற்றொன்று சலேத் மேரி வைப்பது. வேலை செய்கிற நேரம் முழுக்கத் தன் மகளைப் பற்றிப் பேசுவார். மகள் நர்சிங் படிக்கிறாள். அவளுடைய ஃபீஸ்தான் இந்த டூட்டி.

சாயங்காலம் மறுபடியும் படம் எடுத்தபோது கேட்டேன்.

"ஏம்மா, உனக்கு ஈ.எஸ்.ஐ. இருக்கா?"

"இல்ல சார்."

"பி.எஃப்.?"

"இல்ல சார். நாங்க எம்ப்ளாயி கெடையாது. பார்ட்னரு."

"பார்ட்னரா? கம்பெனில உன் பங்கு எவ்வளவு?"

"பங்குன்னா எனக்கு எங்க ஊரு கோயில் பங்குதான் சார் தெரியும். அதுலயும் நான் வரி பாக்கி."

மாதா கோயில்காரர்கள் தங்கள் கோயில் வட்டாரத்தைப் பங்கு என்பார்கள். சரோஜா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேட்டை நாய்க்கு மோப்பம் பிடிபட்ட மாதிரி இருந்தது. துருவித் துருவிக் கேட்டேன். கோட்டு ஏஜென்சியுடையது. வேலை காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரை. படம் அனுப்பத் தாமதமானால் சம்பளத்தில் பிடிப்பார்கள். ஒரு டூட்டியை வேண்டாம் என்றால் ஒரு வாரம் டூட்டி கிடையாது. ஆனால் ஊழியர் இல்லை, பார்ட்னர்! வகுப்பில் பாடம் நடத்தக்கூட இவ்வளவு சுத்தமான உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

காலில் எடை தொங்க, படுத்துக்கொண்டே உத்தரவு போட்டேன். "நாளையிலேர்ந்து போட்டோ அனுப்பாத. பார்ட்னருக்கு எதுக்கு வருகைப் பதிவு? ராத்திரி எட்டு மணி வரைக்கும் இருக்க வேண்டாம், ஆறரைக்குக் கெளம்பு. பஸ் இருக்கறப்பவே வூட்டுக்குப் போ."

"வாணாம் சார். பிரச்சினை ஆயிடும்."

"ஆகட்டும். போட்டோ வரலன்னு அவங்க நடவடிக்கை எடுத்தா, முதலாளின்னு அவங்களே ஒத்துக்கிட்ட மாதிரி. நமக்கு அதுதான் வேணும்."

"நமக்கா சார்?" என்றார் சலேத் மேரி.

அந்தக் கேள்வியில் இருந்ததை நான் அப்போது காதில் வாங்கவில்லை.

மறுநாள் ஏஜென்சியின் கோ-ஆர்டினேட்டர் பிரகாஷ் கூப்பிட்டான். நான் சொன்னபடி சலேத் மேரி போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"இன்னா மேரி, செல்ஃபி வரல?"

"சார் வாணாம்னாருண்ணா."

"எந்த சாரு? ஒனக்கு டூட்டி குடுக்கறது அந்த சாரா, நானா?"

இதைவிட நல்ல வாக்குமூலம் எந்த முதலாளியும் எனக்குக் கொடுத்ததில்லை. சரோஜாவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தது சலேத் மேரியின் முகத்தை.

அதற்கடுத்த நாள் வந்ததும் அவர் கோட்டைப் போடவில்லை. "குரூப்லேர்ந்து தூக்கிட்டாங்க சார்" என்றார். டூட்டி எங்கே, எப்போது என்பதெல்லாம் அந்த வாட்ஸ்அப் குரூப்பில்தான் வரும். அதில் இல்லையென்றால் வேலை இல்லை.

"நல்லது" என்றேன் நான்.

இந்த மருத்துவமனை நாட்களில் நான் பேசியவற்றில் ஒரே ஒரு சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமானால் அந்தச் சொல்லைத்தான் எடுப்பேன்.

வேறு ஆள் அனுப்புவதாகப் பிரகாஷ் குமரனுக்குப் போன் செய்தான். மறுநாள் ஆபரேஷன். சரோஜா, "எனக்கு சலேத்துதான் வேணும், புதுசா ஒருத்தி வந்து இவரைப் புரிஞ்சிக்கறதுக்குள்ள இவரு அவளைத் தொரத்திடுவாரு" என்றாள். குமரனும் அதையே சொன்னான். போனில் ஏதோ வந்தது, சம்மதம் என்று அழுத்தச் சொன்னார்கள், அழுத்தினான். இங்கே வரப் பஸ் ஏறிக்கொண்டே அழுத்தினானாம்.

ஆபரேஷனைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முதுகில் ஒரு ஊசி. இடுப்புக்குக் கீழே நான் இல்லாமல் போனேன். மயக்கம் கிடையாது. திரைக்கு அந்தப் பக்கம் தச்சுப் பட்டறைச் சத்தம் கேட்டது. சுத்தியால் அடிப்பது என் எலும்பில் என்று தெரிந்தும் வலிக்கவில்லை. வெளியே கொண்டுவந்தபோது குமரன் நின்றிருந்தான். அன்று சாயங்காலம் எனக்கு முகச்சவரம் செய்துவிட்டான். மேலுதட்டில் ஒரு கீறலோடு. நான் அவனுக்கு எதையும் இவ்வளவு கவனமாகச் செய்ததில்லை.

இனி வருவது உங்களில் யாருக்கும் நடக்கலாம், கவனித்துப் படியுங்கள். வயதானவர்களுக்குப் பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு சில நாட்கள் புத்தி தடுமாறும். டெலிரியம் என்பார்கள். பைத்தியம் அல்ல, மறதி நோயும் அல்ல. வலி மருந்து, தூக்கமின்மை, ரத்தத்தில் உப்பு குறைவது எல்லாம் சேர்ந்து வருவது. பொழுது சாயும்போது கூடும். சரிசெய்தால் போய்விடும். முன்கூட்டி யாரும் சொல்லவில்லை என்றால் வீட்டார் பயந்துபோவார்கள்.

எனக்கு அது மூன்றாம் நாள் மாலை வந்தது. வார்டு என் பழைய அலுவலகம் ஆகிவிட்டது. முதலாளி ஒரு பக்கம், தொழிலாளிகள் ஒரு பக்கம், பேச்சுவார்த்தைக்கு நேரமாகிவிட்டது, என்னை மட்டும் யாரோ கட்டிப்போட்டிருக்கிறார்கள். குழாயைப் பிடுங்கிவிட்டுக் கட்டிலிலிருந்து இறங்கினேன். புதிய மூட்டு வைத்தவர் காலைத் திருப்பி இறங்கினால் பந்து குழியிலிருந்து கழன்றுவிடும். மீண்டும் ஆபரேஷன்தான். சலேத் மேரி ஓடிவந்து தடுத்தார். நான் அவரைத் தள்ளினேன். கடைசியில் என்னைத் தரையில் விழவிடாமல் தாங்கி, எனக்கு அடியில் தான் விழுந்தார். அவர் ஊன்றிய வலது கை மீது நாங்கள் இருவரும் விழுந்தோம்.

இதெல்லாம் சரோஜா சொல்லித்தான் எனக்குத் தெரியும். என் நினைவில், கூட்டத்துக்குப் போகவிடாமல் ஒரு பெண் வழிமறித்தாள், அவ்வளவுதான்.

"அவ இல்லன்னா ஒங்களுக்கு இன்னொரு ஆபரேஷன்" என்றாள் சரோஜா. "அவளுக்கு மணிக்கட்டு ரெண்டு எடத்துல முறிஞ்சி போச்சி."

கீழே அவசர சிகிச்சைப் பிரிவில் மாவுக்கட்டுப் போட்டார்கள். குமரன் பில்லைக் கட்டினான். கட்டுப்போட்ட கையோடு சலேத் மேரி வார்டுக்கு வந்து, "இப்ப யாரு சார் நீங்க, ஆபீசரா, பேஷண்டா?" என்று கேட்டார். உப்பு ஏற்றிய பிறகு எனக்குக் கொஞ்சம் தெளிந்திருந்தது. பேஷண்ட் என்றேன். "அப்ப காலை மடக்காதீங்க" என்று இடது கையால் தலையணையைச் சரிசெய்தார்.

ஏஜென்சிக்கு நானே போன் செய்தேன். பிரகாஷ் பணிவாகப் பேசினான். "அவங்க எங்க ஆளு இல்ல சார். அன்னிக்கு எங்க சிஸ்டத்துல டூட்டியே கெடையாது. நீங்கதான வெச்சிக்கிட்டீங்க?"

வீட்டுக்கு வந்ததும் சலேத் மேரியின் பெயரில் தொழிலாளர் துறைக்கு மனு எழுதினேன். வாக்கர் பிடித்து நடக்கத் தெரிவதற்கு முன்பே அதை முடித்துவிட்டேன். இழப்பீடு, பழிவாங்கல் என்று தனித்தனித் தலைப்பு. சலேத் மேரியை வரச் சொல்லி இடது கையால் கையெழுத்து வாங்கினேன். படித்துப் பார்க்கச் சொன்னேன். "நீங்க எழுதினா சரியாத்தான் சார் இருக்கும்" என்றார்.

ஏஜென்சியின் வக்கீல் பதில் அனுப்பினார். மனுதாரர் அன்றைய தேதியில் எங்களோடு இல்லை. அவருக்கு வேலை நேரத்தை மாற்றியவர் நோயாளி. வருகையைத் தெரிவிக்க வேண்டாம் என்றவர் நோயாளி. தொடர்ந்து வைத்துக்கொள்ளச் சம்மதித்தவர் நோயாளியின் மகன். ஆகவே அவர் நோயாளியின் ஆள். ஒரு வீட்டார் தங்கள் நோயாளிக்குத் தாங்களே வைத்துக்கொள்ளும் ஆள், இழப்பீட்டுச் சட்டத்தில் எந்தெந்த வேலை சேரும் என்று சொல்லும் அட்டவணையில் வரமாட்டார்.

சரியாக எழுதியிருந்தார். நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். என் கேள்விகளையே எடுத்து வரிசையாக அடுக்கியிருந்தார், எல்லாவற்றுக்கும் என் பெயர் விடையாக வந்தது. சலேத் மேரி ஏஜென்சிக்குப் பார்ட்னர், எனக்கு வேலைக்காரர், சட்டத்துக்கு யாருமில்லை.

இருந்தாலும் விடுவதாக இல்லை. ஸ்பீக்கரில் பிரகாஷ் பேசியது இருக்கிறது, பிடித்த அபராதம் இருக்கிறது, மற்ற பெண்களை அழைத்தால் சாட்சி சொல்வார்கள். வாதத்தை மனதில் ஓட்டிக்கொண்டே நடைப்பயிற்சி செய்தேன். கால் வேகமாகத் தேறியதற்கு அந்தக் கோபமும் ஒரு காரணம் என்று பிசியோதெரபி பெண்ணுக்குத் தெரியாது.

விசாரணைக்கு முந்திய நாள் சலேத் மேரி வீட்டுக்கு வந்தார். கட்டுப் பிரித்திருந்தார்கள், மணிக்கட்டு கொஞ்சம் கோணலாகச் சேர்ந்திருந்தது. சரோஜா கொடுத்த காப்பியை இடது கையால் வாங்கினார்.

"வேற ஏஜென்சில கேட்டேன் சார். எல்லாம் ஒருத்தருக்கொருத்தரு பழக்கம். பேஷண்டைக் கீழ போட்டவன்னு என் போட்டோவை அனுப்பி வெச்சிருக்காங்க. மூணு எடத்துல மூஞ்சியப் பாத்ததுமே ஆள் வாணாம்னுட்டாங்க."

"இதுவும் பழிவாங்கல்தான். நாளைக்கு இதையும் சேர்த்து..."

"சார்." அவர் என்னை இடைமறித்தது அதுதான் முதல் தடவை. "பிரகாஷண்ணன் போன் பண்ணிச்சி. வாபஸ் வாங்கிட்டா குரூப்ல சேத்துக்கறாங்களாம். மண்ணாடிப்பட்டுல ஒரு வூடு இருக்குதாம், பக்கவாதம், உக்காந்து பாத்துக்கற டூட்டி, கைக்கு வேல கம்மி."

"சரி."

"நான் மட்டும் வாங்கினா போதாதாம். நீங்களும் வந்து, இவ என்கிட்டதான் வேல செஞ்சான்னு ஆபீசருகிட்ட சொல்லணுமாம்."

அப்படிச் சொன்னால் ஏஜென்சிக்கு எதிராக இனி எவரும் இந்த வழக்கைக் காட்ட முடியாது. அந்தக் குரூப்பில் இருக்கும் அத்தனை பெண்களும் பார்ட்னர்களாகவே இருப்பார்கள். சொல்லாவிட்டால் வழக்கு நடக்கும். இரண்டு வருடமோ, மூன்றோ. மேல்முறையீடு தனி. அதுவரை இவருக்கு டூட்டி இல்லை.

"ஜெயிக்கலாம், சலேத்" என்றேன்.

"ஜெயிப்பீங்க சார். ஒங்களுக்குத் தெரியாததா? பாப்பாவுக்கு ஜூன் மாசம் ஃபீஸ் கட்டணும்."

சரோஜா காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். போகும்போது, "போய்ச் சொல்லிட்டு வாங்க" என்றாள். எனக்குச் சொன்னாளா, அவருக்கா என்று கேட்கத் தேவையிருக்கவில்லை.

நான் வேலை பார்த்த அதே அலுவலகம், மாடியில். விசாரணை அதிகாரி என்னிடம் பயிற்சி பெற்றவர். எழுந்து வணக்கம் சொல்லி, வாக்கரை ஓரமாக வைத்து, சாட்சி உட்காரும் பக்கத்து நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டார். அந்தப் பக்கத்திலிருந்து அந்த அறையை நான் பார்த்ததே இல்லை. ஜன்னல் முகத்துக்கு நேராக இருக்கிறது. வெளிச்சத்தில் அதிகாரியின் முகம் தெரிவதில்லை.

"மனுதாரருக்கு வேலை நேரம் யார் சொன்னது சார்?"

"நான்."

"படம் அனுப்ப வேண்டாம்னு?"

"நான்தான்."

"அப்ப, சம்பவம் நடந்த அன்னிக்கு அவங்க யாருகிட்ட வேலை பார்த்தாங்க?"

"என்கிட்ட."

வக்கீல் குறித்துக்கொண்டார். பிரகாஷ் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு என் பக்கம் சாய்ந்தார். பழைய வகுப்பில் இருந்தவர் அல்லவா, ஏதோ பொருந்தவில்லை என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும்.

"சார், நீங்க வேற ஏதாவது சொல்ல விரும்பறீங்களா?"

வாதம் முழுவதும் என்னிடம் இருந்தது. முதல் வாக்கியத்திலிருந்து கடைசி வரை. எதிரே சலேத் மேரி கோணிய மணிக்கட்டை முந்தானையால் மூடி, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இல்லை" என்றேன்.

மனு திரும்பப் பெறப்பட்டது என்று எழுதி முடித்தார்கள். சட்டத்தின் அட்டவணையில் இல்லாத முதலாளியாக நான் என்ன தர வேண்டுமோ அதைச் சரோஜா சலேத் மேரிக்கு முன்பே தந்துவிட்டிருந்தாள் என்று பிறகு தெரிந்தது. எனக்குச் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு விதி சொல்லியிருப்பேன்.

நான் மெதுவாக வெளியே வந்தபோது சலேத் மேரி படியிறங்கிக் கீழே போய்விட்டிருந்தார். போன் காதில் இருந்தது. "ஆமாண்ணா, நாளைக்கேண்ணா, எட்டு மணிக்குண்ணா." நான் மாடிப்படியின் உச்சியில் நின்றேன். வாக்கரை அலுவலகத் தம்பி ஒருவர் கீழே எடுத்துப் போய்விட்டார். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நல்ல காலை முன்னே நீட்டினேன்.

"சார்," என்று கீழேயிருந்து சத்தம் வந்தது. போனைக் கையால் மூடிக்கொண்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். "எறங்கறப்ப அடிபட்ட காலு மொதல்ல."

காலை மாற்றிக்கொண்டு இறங்கினேன். கடைசிப் படிக்கு நான் வந்து சேரும் வரை, பிரகாஷைப் போனில் காக்க வைத்துவிட்டு, அங்கேயே நின்றார்.